எஞ்சின் லேசாக ஓடினால்

“…அந்த வளையல எடுங்க மொதல்ல. உசுரோட இருந்தப்ப ஒரு நாளாவது அவ கையில வளையல் நின்னுச்சா? செத்தவளுக்குப் போயி ரெண்டு அடுக்கு வாங்கிக்கினு வந்து வக்கிறீங்க!”

இப்படிச் சொன்னவள் என் அம்மா. எங்கள் வீட்டு நடு அறையில் மனைப்பலகை போட்டு, அதன்மேல் பித்தளைத் தாம்பாளம் வைத்திருந்தார்கள். தாம்பாளத்தில் மஞ்சள் பாவாடை, தாவணி, சின்னக் கண்ணாடி, சீப்பு, கதம்பம், பச்சைக் கண்ணாடி வளையல். பக்கத்தில் மாவிலை செருகிய தண்ணீர்ச் செம்பு. கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண்ணை எங்கள் பக்கத்தில் பூவாடைக்காரி என்று சொல்லி வீட்டுச் சாமியாகக் கும்பிடுவார்கள். வீட்டில் நல்ல காரியம் வந்தால் முதல் படையல் அவளுக்கு. அன்றைக்குப் பெரியம்மா மகனின் கல்யாணத்துக்கு முந்திய நாள். என் அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை, செத்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. முதல் முறையாகச் சாமியாகிறாள். வயது பதினெட்டு. சாமியாகிவிட்டால் அப்புறம் வயது ஏறாது.

என் வயதுக்காரர்களே, பல் போய், காது மந்தித்து, “போதும் ஆயா, இத முன்னயே சொல்லிட்ட” என்று பேரப்பிள்ளைகளிடம் பேச்சு வாங்குகிற என் கூட்டாளிகளே, அம்மாவின் பேச்சு அதோடு நிற்கவில்லை. மீதியையும் சொல்கிறேன். ஆனால் அந்தத் தாம்பாளத்தில் யாரும் வைக்காத சாமான்களைப் பற்றி முதலில் சொன்னால்தான் அந்த மீதி விளங்கும்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். மிச்சப் படிப்பெல்லாம் மளிகைப் பொட்டலம் கட்டிய காகிதத்தில் எழுத்துக் கூட்டி வந்தது. ஆனால் ஒருத்தர் வாயிலிருந்து ஒரு சொல் நறுக்கென்று விழுந்தால், அதைப் பொறுக்கி முடிந்துகொள்வேன். அத்தை சொன்னதெல்லாம் இன்னமும் என் முந்தானையில் இருக்கிறது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மொழிவாரியாக ராஜ்யம் பிரிக்கப் போகிறார்கள், ஓசூர் இந்தப் பக்கமா மைசூர்ப் பக்கமா என்று சந்தையில் வாய் ஓயாமல் பேசிய காலம். எங்கள் தெருவில் ஒரு சண்டை தமிழில் தொடங்கினால் தெலுங்கில் வளர்ந்து கன்னடத்தில் சமாதானமாகும். “எந்தப் பக்கம் போனா என்ன, ரெண்டு பக்கமும் திங்கறது ராகிக்களிதான்” என்பார் அப்பா.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊருக்கு முதல் ஆயில் எஞ்சின் வந்தது. அதுவரை கிணற்றில் கவலை ஏற்றம். இரண்டு மாடுகள் சரிவில் முன்னும் பின்னும் நடந்து தோல்சாலில் தண்ணீர் இழுக்கும். எஞ்சின் பெங்களூரிலிருந்து ஓசூர் வரை லாரியில், அங்கிருந்து எங்கள் தோட்டம் வரை மாட்டுவண்டியில் வந்தது. பச்சைப் பெயிண்டு. இரண்டு பக்கமும் பெரிய சக்கரம். சக்கரத்திலிருந்து பம்புக்கு நீளமாக ஒரு பெல்ட். ஊரே வந்து தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை முகர்ந்தது. அந்த வாசனையை என்னவென்று சொல்வேன்! புகையும் எண்ணெயும் சுட்ட இரும்பும் கலந்த வாசனை. இன்றைக்கும் ஒரு பழைய லாரி என்னைத் தாண்டிப் போனால் எனக்கு அத்தை போகிற மாதிரிதான் இருக்கும்.

எஞ்சினைப் பொருத்த ஒரு மேஸ்திரி வந்தார். பாதித் தமிழும் பாதிக் கன்னடமும் பேசுகிற பெங்களூர்க்காரர். மூன்று நாள் வேலை. மதியச் சோறு கொண்டுபோனது அத்தை, கூடவே வால் மாதிரி நான். களியையும் அவரைக்கொட்டைக் குழம்பையும் வைத்துவிட்டு அத்தை திரும்ப மாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒரு கேள்வி கேட்க மாட்டாள். மேஸ்திரி எந்தச் சாமானைத் தேடிக் கையை நீட்டினாலும், மூன்றாம் நாள் அது அவர் கைக்கே வந்து சேர்ந்தது.

அவர் போய் இருபது நாளில் எஞ்சின் நின்றுவிட்டது. அப்பா எஞ்சினைக் கிளப்புகிற இரும்புக் கைப்பிடியை மாட்டிச் சுற்றிச் சுற்றிக் கை ஓய்ந்து, மேஸ்திரியைக் கூட்டிவரப் பெங்களூருக்குப் பஸ் ஏறினார். நாற்றுக் காய்ந்துகொண்டிருந்தது. அத்தை எஞ்சின் ரூமுக்குள் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். பிறகு டீசல் வருகிற குழாயின் மரையைக் கொஞ்சம் தளர்த்தினாள். எண்ணெயில் முட்டை முட்டையாகக் குமிழி வந்தது.

“பாப்பா, இங்க பாரு. இதுக்கு மூச்சு முட்டிக்கிச்சு. எண்ண போற வழியில காத்து பூந்துக்கினு ஒக்காந்திருக்குது.”

குமிழி நிற்கும்வரை எண்ணெயை வழியவிட்டு, மரையை முறுக்கி, கையிலிருந்த வளையலைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். அதற்குப் பிறகு அந்த வளையல் அவள் கைக்குத் திரும்பிய நாள் குறைவு. மேலே இருக்கிற லீவரைத் தூக்கிவிட்டு என்னை அதன் பக்கத்தில் நிற்க வைத்தாள். “நா சுத்துவேன். வேகம் புடிச்சு ‘உம்’னு சொன்னதும் தட்டி உட்டுரு.” சுற்றினாள். தட்டினேன். எஞ்சின் இருமியது, புகைந்தது, பிடித்துக்கொண்டது. மறுநாள் அப்பா மேஸ்திரியோடு வந்து இறங்கியபோது வாய்க்கால் நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

மேஸ்திரி சிரித்த சிரிப்பு கிணற்றுக்குள் எதிரொலித்தது. “ஈ ஹுடுகிகெ கண்ணு கிவியல்லி இதெ!” என்றார். இந்தப் பெண்ணுக்குக் கண் காதில் இருக்கிறது என்று அர்த்தம். தன் பையிலிருந்து ஒரு ஸ்பானரை எடுத்து அவளிடம் கொடுத்து, “இட்கோ தங்கி, வச்சிக்க தங்கச்சி” என்றார். அவர் கை பட்டுப் பட்டு அதன் நடுப்பகுதி வழவழவென்று ஆகியிருந்தது. கைப்பிடியை எப்படிப் பிடிப்பது என்றும் அவர்தான் காட்டினார். எஞ்சின் சில நேரம் எதிர்த்து உதைக்கும். கட்டை விரலை மடக்கிச் சுற்றிப் பிடித்திருந்தால் விரல் முறிந்துவிடும். அதனால் கட்டை விரலையும் மற்ற நாலு விரலோடு ஒரே பக்கமாகச் சேர்த்து வைக்க வேண்டும். ஊரில் எந்த ஆம்பிளைக்கும் அது பழக்கமாகவில்லை. அப்பாவே இரண்டு தடவை விரல் வீங்கி வந்து உட்கார்ந்தார்.

அப்பா மேஸ்திரியிடம் ஒன்று கேட்டுக்கொண்டார். “வெளிய சொல்லிக்காதீங்க. நான் சரி பண்ணதாவே இருக்கட்டும்.”

இருந்தது. அடுத்த வருஷத்துக்குள் சுற்று ஊர்களில் ஏழெட்டு எஞ்சின் வந்துவிட்டது. எது நின்றாலும் அப்பாவைத் தேடித்தான் ஆள் வரும். அப்பா வண்டி பூட்டுவார். “தங்கச்சி சும்மா வருது, தோப்புல புளி பொறுக்கலாம்னு” என்று அத்தையையும் என்னையும் ஏற்றிக்கொள்வார். அங்கே போய் அப்பா எஞ்சினைச் சுற்றி மூன்று வலம் வருவார், சாமி கும்பிடுகிறவர் மாதிரி. அத்தை ஓரமாக நின்று காது கொடுப்பாள். பிறகு என் காதில் சொல்லுவாள். நான் ஓடிப்போய், “அப்பா, தண்ணி தவிக்குது” என்கிற சாக்கில் அவரிடம் சொல்லுவேன். அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “இது அடி வால்வுல மண்ணு சிக்கிக்கினு இருக்குது” என்பார். ஊர்க்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். தொரப்பள்ளியிலிருந்து வந்த ஒருத்தர், “உங்க பொண்ணுக்கு எப்பப் பாத்தாலும் தாகமா இருக்குதே, சக்கர நோவு இல்லியே?” என்று அக்கறையாகக் கேட்டார். திரும்பும்போது வண்டியில் மூவரும் சிரித்த சிரிப்பில் மாடு மிரண்டது.

அப்பாவும் சிரித்தார். அதை மறக்காதீர்கள். நானும் மறக்கவில்லை.

அத்தை எனக்குச் சொன்னதில் ஒன்று மட்டும் இங்கே கட்டாயம் வேண்டும். ஒரு நாள் எஞ்சின் சத்தம் திடீரென்று லேசாகிவிட்டது. முக்கலும் முனகலும் போய், விளையாடப் போகிற பிள்ளை மாதிரி ஓடியது. “அத்த, சந்தோசமா ஓடுது பாரு” என்றேன். அவள் பாய்ந்து போய் நிறுத்தினாள்.

“எஞ்சின் லேசா ஓடுனா சந்தோசப்படாத பாப்பா. தண்ணி விட்டுப் போச்சுன்னு அர்த்தம். இழுக்கறதுக்கு ஒண்ணுமில்லாமதான் அப்பிடி ஓடுது. அதான் ரொம்ப மோசமான நேரம்.”

பெரியம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்காது. பெரியப்பா போன பிறகு வீட்டுக்கு மூத்தவள் அவள்தான். “அடங்காத மாட்டுக்கு அரசன் மூங்கில்தடி” என்பாள். “உரலுக்கும் தடிதான அண்ணி, உலக்கைன்னு பேரு” என்பாள் அத்தை. பெரியம்மா கெட்டவள் என்று நான் சொல்ல வரவில்லை. இருபத்தாறு வயதில் தாலி இழந்து, ஊர் வாய்க்குப் பயந்து பயந்தே குனிந்து நடந்தவள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அவள் வாழ்நாள் முழுக்க அந்த மூடியைத் தேடினாள்.

மத்தூர்ப் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அம்மா அத்தையின் கையைப் புளி போட்டு, சாம்பல் போட்டு, எலுமிச்சம்பழத் தோல் போட்டுத் தேய்த்தாள். நகக்கண்ணில் இருந்த கறுப்பு போகவில்லை. மாப்பிள்ளையின் அம்மா கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, “பொண்ணு லட்சணந்தான். கைதான் இப்பிடிக் கறுத்துக் கெடக்குது” என்றாள்.

அத்தை தலை குனிந்தபடியே, “மாப்பிள்ள கை பூ மாதிரி இருக்குதுங்க. என்னா வேல செய்யறாரு?” என்று கேட்டாள்.

அவர்கள் பலகாரத்தைக்கூட முடிக்கவில்லை. சமையலறையில் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். வெளியே வந்ததும் எல்லோரையும்விட அதிகமாகத் திட்டியவளும் அம்மாதான். “ஒன் வாய்தான்டி ஒனக்குச் சத்துரு!”

அதற்கப்புறம்தான் பேச்சு முளைத்தது. வயசுப் பெண், ஊர் ஊராகத் தோட்டம் தோட்டமாகப் போகிறாள், கிணற்றடியில் நிற்கிறாள் என்று. புளி பொறுக்கப் போன கதையை ஊர் நம்பாமல் போனதில் அதிசயம் இல்லை. ஆனால் உண்மை தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தார். ஒவ்வொரு தோட்டத்திலும் கூடவே நின்றவர், என் அப்பா.

கார்த்திகை மழை விட்ட ஒரு காலையில் அத்தைக்கு வயிற்று வலி வந்தது. சாயங்காலம் வாந்தி எடுத்தாள். எஞ்சினில் குறை சொல்கிற மாதிரியேதான் தன் வயிற்றையும் சொன்னாள்.

“அண்ணி, காலைல தொப்புளச் சுத்தி வலிச்சுது. இப்ப எறங்கி வலப்பக்கம் வந்து நிக்குது. இதோ இங்க. ஒரு வெரல் வச்சா மூடிப்போற எடம். அமுக்கி எடுத்தா உசுரு போவுது.”

இதைவிடத் தெளிவாக ஒரு நோயாளி சொல்ல முடியுமா? அவர்கள் வலியைக் கேட்கவில்லை. வாந்தியைப் பார்த்தார்கள். பெரியம்மா அம்மாவைப் பார்த்தாள். அம்மா பெரியம்மாவைப் பார்த்தாள். என்னைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அனுப்பினார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அம்மா குரல் கேட்டது.

“நாள் தள்ளிப் போச்சாடி?”

அத்தை சொன்னாள், “நீங்களுமா அண்ணி?” சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எந்த நாள், எங்கே தள்ளிப் போனது என்று எனக்குப் புரியவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, எனக்கே முதல் பிள்ளை தங்கியபோது பெரியம்மா அதே கேள்வியைச் சிரித்துக்கொண்டு கேட்டாள். அப்போதுதான் புரிந்தது. கையிலிருந்த சொம்பைக் கீழே போட்டுவிட்டேன்.

முற்றத்தில் அப்பா மெல்லிய குரலில் சொன்னார். “ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா அங்க இருக்கற நர்ஸம்மா கேப்பா. நர்ஸம்மா கேட்டா ஓசூர் சந்தையே கேக்கும். ரெண்டு நாள் பாப்பம்.” பெரியம்மா ஓமக் கஷாயம் கொடுத்தாள். மறுநாள் விளக்கெண்ணெய் கொடுத்தாள். கதவைச் சாத்தி வைத்தார்கள். கேட்டவர்களுக்குக் காய்ச்சல் என்றார்கள். அத்தை கத்தவில்லை. காலை மடக்கிக்கொண்டு, வாயில் தாவணியை வைத்துக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் வலி விட்டுவிட்டது. காலை நீட்டிப் படுத்தாள். பெரியம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். “பாத்தியா, வெளக்கெண்ண கேட்டுக்கிச்சு!” அப்பா இரண்டு நாளில் முதல் தடவையாக உட்கார்ந்து சாப்பிட்டார். நான் அத்தையிடம் ஓடினேன். முகம் சாம்பல் பூத்திருந்தது. நெற்றி முழுக்க வேர்வை.

“லேசாயிருச்சு பாப்பா” என்றாள்.

“நல்லதுதான அத்த?”

“எஞ்சின் லேசா ஓடுனா என்னான்னு சொல்லிக் குடுத்தேன்?”

அவளே சொன்னாள். “தண்ணி விட்டுப் போச்சு. போயி ஒங்கம்மாகிட்டச் சொல்லு. அவங்களுக்குப் புரியும்.”

அம்மா பின்கட்டில் ராகி திரித்துக்கொண்டிருந்தாள். நான் அத்தை சொன்னதை அப்படியே சொன்னேன். அம்மாவுக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எந்திரக்கல் நின்றது. கை மாவோடு எழுந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவின் முன்னால் போய் நின்றாள்.

“வண்டி பூட்டுங்க.”

“இப்பத்தான் வலி விட்டுச்சே—”

“வலி விடல. அவ விட்டுக்கினு இருக்கறா. பூட்டுங்க. பூட்டலன்னா நான் தோள்ல போட்டுக்கினு தெருவோட நடப்பேன். கேக்கறவங்க கேக்கட்டும்.”

வண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்தார்கள். நான் ஏறிக்கொண்டேன், இறக்கிவிட யாருக்கும் நேரமில்லை. ஓசூர்ப் பாதையில் ஒரு லாரி எங்களைத் தாண்டிப் போனது. அத்தை கண்ணை மூடியபடியே, “வால்வு அடிக்குது. இன்னம் பத்து மைல் போவும், நின்னுரும்” என்றாள். இடுப்பில் சொருகியிருந்த ஸ்பானரை எடுத்து என்னிடம் கொடுத்து, “குத்துது, வச்சிக்க” என்றாள். நான் அதை எங்கே வைத்தேன்? வைக்கோலுக்குள்தான் வைத்திருப்பேன். அப்புறம் வண்டியை உதறினோம், தரையைக் கிளறினோம், எருக்குழியில் தேடினோம். அகப்படவில்லை. இந்த வயதிலும் எங்கேயாவது வைக்கோல் போரைப் பார்த்தால் என் கண் கீழேதான் போகும்.

ஓசூரில் பார்த்தவர்கள் உடனே பெங்களூருக்கு ஏற்றிவிட்டார்கள். அம்மாவும் அப்பாவும் போனார்கள். மறுநாள் விடிகாலையில் அத்தை செத்துப்போனாள். வயிற்றைத் திறந்து பார்த்தால் குடல்வால் வெடித்து உள்ளே முழுக்கச் சீழ் என்றார்களாம். “எரடு தினா முஞ்சே தந்தித்ரெ…” என்று டாக்டர் தொடங்கி முடிக்காமல் விட்டாராம். இரண்டு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால். விளக்கெண்ணெய் கொடுத்ததைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாராம்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. அம்மா என்னிடம் அதைச் சொன்னபோது அவளுக்கு எழுபது வயதுக்கு மேல். துணி போர்த்தி வைத்த பிறகு அப்பா அங்கிருந்த நர்ஸிடம் ஒதுங்கிப்போய்க் கேட்டாராம். அந்தக் கேள்வியைத்தான். அந்தப் பெண், “அப்படி ஒண்ணும் இல்லையே, ஏன் கேக்கறீங்க?” என்றாளாம். “ஒங்கப்பாவுக்கு அப்ப ஒரு பெருமூச்சு வந்துச்சு பாரு. அந்த மூச்சோட நான் எப்பிடிடி முப்பத்தஞ்சு வருசம் குடும்பம் நடத்துனேன்?” என்று கேட்டாள்.

கல்யாணம் ஆகாதவள் என்று எரிக்காமல் புதைத்தார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு சொல் வைத்துவிட்டுப் போனார்கள். கொடுத்து வைத்தது அவ்வளவுதான். கண் பட்டுவிட்டது. நல்லவர்களைச் சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்ளும். கடைசியில் நிலைத்தது ஒரு சொல்: எஞ்சின் சூடு வயிற்றில் ஏறிவிட்டது, பொம்பிளை தொடுகிற சாமானா அது? அப்பாவுக்கு அது சௌகரியமாக இருந்தது. எஞ்சின் ரூமைப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். கவலை மாடு திரும்பி வந்தது. பாதி நிலம் அந்த வருஷம் தரிசாகக் கிடந்தது. கைப்பிடி மட்டும் நடு அறை ஆணியில் தொங்கியது. அத்தை கை பட்ட இடம் பளபளவென்று இருந்தது. மெல்ல மெல்ல அதன்மேல் துரு ஏறுவதை நான் தினமும் பார்த்தேன்.

நான் பொறுக்கிச் சேர்த்த சொற்களில் இவற்றை மட்டும் தூர எறிந்திருக்கிறேன். விதி என்று என்னிடம் சொல்லாதீர்கள். விதிக்கு விளக்கெண்ணெய் கொடுக்கத் தெரியாது, கதவைச் சாத்தத் தெரியாது. இன்னொன்றும் சொல்கிறீர்கள், நம்மில் படித்தவர்கள்கூட. இப்போது ஓசூரில் விடிந்தால் கம்பெனி பஸ் பஸ்ஸாகப் பெண்பிள்ளைகள், கழுத்தில் அட்டையும் காலில் பூட்ஸுமாக மிஷின் ஓட்டப் போகிறார்கள். அதைக் காட்டி, “ஒங்க அத்த காலத்துக்கு முந்திப் பொறந்துட்டா” என்கிறீர்கள். ஒத்துக்கொள்ள மாட்டேன். அவள் பிறந்த நேரத்தில் ஒரு பிழையும் இல்லை. எங்கள் ஊருக்கு எஞ்சின் வந்த வருஷம் சரியாகப் பதினாறு வயதில் அங்கே நின்றாள். பிந்தியது எங்கள் வண்டி. இரண்டு நாள் பிந்தியது. அதைக் காலத்தின் தலையில் கட்ட நான் விட மாட்டேன்.

சரி, தாம்பாளத்துக்கு வருகிறேன்.

வளையலை எடுங்கள் என்று அம்மா சொன்னதும் பெரியம்மா பதறிவிட்டாள். “கல்யாண வீட்டுல என்னா பேச்சுடி இது? கன்னிச் சாமி முன்னால!”

“கன்னியா?” என்றாள் அம்மா. குரல் உயரவில்லை. “அன்னிக்கு வாந்தி எடுத்தப்ப நீங்க என்னப் பாத்தீங்க, நான் ஒங்களப் பாத்தேன். அன்னிக்குக் கன்னின்னு நம்புனமாக்கா? நம்பியிருந்தா இன்னிக்கு அவ பந்தலுக்கு வாழமரம் கட்டிக்கினு இருப்பா. டாக்டர் வயித்தக் கிழிச்சுப் பாத்துச் சொன்னப்பறம் கன்னியாக்கிட்டம். கண்ணு கெட்ட பொறவு சூரிய நமஸ்காரம். நான் ஒங்கள மட்டும் சொல்லல. அந்தக் கேள்விய வாயத் தொறந்து கேட்டவ நான். அவ செவுத்துப் பக்கம் திரும்புனது எனக்காகத்தான். எங்கிட்ட அவ திரும்பவேயில்ல.”

வாசலில் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

“செத்தவங்களுக்குப் புடிச்சதத்தான படைக்கணும்? அவளுக்குப் புடிச்சது எனக்குத் தெரியும். நான் படைக்கிறேன்.” அப்பாவின் முன்னால் கையை நீட்டினாள். “சாவி.”

அப்பா பெரியம்மாவைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பிறகு இடுப்புக் கயிற்றில் முடிச்சைத் தேடினார். முடிச்சு அவிழ வெகுநேரம் ஆயிற்று. அம்மா நீட்டிய கையை இறக்கவே இல்லை.

சாவி வந்ததும், ஆணியிலிருந்து கைப்பிடியை எடுத்தாள். தாம்பாளத்துக்குப் பக்கத்தில் இருந்த சாமிச் செம்பையும் எடுத்தாள். மாவிலை கீழே விழுந்தது. “பாப்பா, நீ வா. லீவர் தட்ட ஆள் வேணும்” என்றாள். தோட்டத்துக்கு அவள் முன்னால் நடந்தாள், பின்னால் நான். எனக்குப் பின்னால் கல்யாணத்துக்கு வந்த சனம் அத்தனையும், பெரியம்மாவும், கடைசியில் அப்பாவும்.

கதவைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. பதினோரு மாதம் அடைபட்ட வாசனை. அம்மா ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு நான் சொல்லச் சொல்ல, டீசல் குழாயின் மரையைத் தளர்த்திக் குமிழி போகும்வரை விட்டு, பல்லைக் கடித்து முறுக்கினாள். ஸ்பானர் இல்லாததால், மூலையில் கிடந்த கொல்லன் இடுக்கியால். தண்ணீர் விட்டுப்போன பம்பு மறுபடி இழுக்கட்டும் என்று செம்புத் தண்ணீரை அதன் வாயில் ஊற்றினாள். போதவில்லை. “கொடத்துல கொண்டாங்க” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். யாரோ கொண்டுவந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் அவள் தன் கைகளைப் பார்த்தாள். தாலி கழுத்தில் இருக்க, புருஷன் எதிரில் நிற்க, கல்யாண வீட்டில், அம்மா தன் கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள். “ஐயோ, அபசகுனம்டி!” என்று பெரியம்மா வாயில் அடித்துக்கொண்டாள். அம்மா அவசரப்படவில்லை. ஒன்றுகூட உடையவில்லை. அத்தனையையும் என் பாவாடை மடியில் போட்டுவிட்டு, கைப்பிடியைத் தண்டில் மாட்டி, குனிந்து, கால் அகட்டி நின்றாள்.

நான் லீவரைத் தூக்கிக்கொண்டு அவள் கையைப் பார்த்தேன். அவள் ஒரு நாளும் எஞ்சின் ரூம் வாசலைத் தாண்டியதில்லை, வந்தால் வாசலோடு நின்றுவிடுவாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். பிடித்ததும் ஏதோ நினைவு வந்தவள் போலக் கட்டை விரலை எடுத்தாள். மற்ற நாலு விரலோடு ஒரே பக்கமாக அதைச் சேர்த்து வைத்துக்கொண்டு, சுற்றினாள்.